முற்றத்தின் மேல் போட்ட நானோ ஷீட்: பதினான்கு மாதங்களுக்குப் பிறகு

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட் விற்கும் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரித் துண்டு ஒன்றை எடுத்து, மேசை மேல் கிடக்கும் செய்தித்தாளில் படுக்க வைத்து, “பாருங்க சார், கண்ணாடி மாதிரி எழுத்து தெரியுது” என்று காட்டுவார்கள். மதுரை வடக்கு வெளி வீதிப் பக்கம் நுண்ணிய நானோத் துகள்கள் கலந்த கூரை ஷீட்டை நான் வாங்கிய கடையிலும் அப்படித்தான் காட்டினார்கள். அதைப் பார்த்துத் தலையசைத்துப் பணத்தைக் கட்டிவிட்டேன். எழுத்தின் மேல் ஒட்டிக் கிடக்கும்போது ஏறத்தாழ எந்த ஷீட்டும் தெளிவாகத்தான் தெரியும் என்பதையும், அதே துண்டைக் கையில் தூக்கிப் பிடித்துத் தெருவின் மறுமுனையில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை அதன் வழியே படிக்க முயன்றிருக்க வேண்டும் என்பதையும் வீட்டுக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டேன். வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியவற்றில் முதன்மையானது இது என்பதால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு சிம்மக்கல் பக்கம், நடுவில் திறந்த முற்றமுள்ள பழைய ஓட்டு வீடு. முற்றம் ஏறத்தாழ 12 அடிக்கு 8 அடி. வீட்டுக்குள் பகல் வெளிச்சம் வருவதெல்லாம் அதன் வழியாகத்தான். சித்திக்கு வயது 78. காலைச் செய்தித்தாளும் மாலைப் பூத்தொடுத்தலும் முற்றத்து நாற்காலியில்தான். மழையும் புறாக்களும் உள்ளே வராமல் இருக்க வேண்டும், வெளிச்சம் குறையவும் கூடாது என்பதற்காக ஏற்கெனவே இரண்டு முறை கூரை போட்டிருக்கிறோம். முதலில் போட்ட கண்ணாடி இழை ஷீட் நாலைந்து ஆண்டுகளில் பழுப்பேறி, இழைகள் மேலெழும்பி, தொட்டால் கை அரிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அடுத்துப் போட்டது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் சாதாரண வகை. அது இரண்டே ஆண்டுகளில் மஞ்சளானதற்கான காரணம் கழற்றும்போதுதான் தெரிந்தது. பொருத்தியவர்கள் ஷீட்டைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள்.

இதைச் சற்று விளக்க வேண்டும். பாலிகார்பனேட் உறுதியான பொருள். ஆனால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைச் சிதைப்பதால் மேற்பரப்பு மஞ்சளாகி நொறுங்கும் தன்மை பெறும். அதனால் வெளியில் பயன்படுத்தும் ஷீட்டுகளில் ஒரு பக்கத்தில் மட்டும், ஏறத்தாழ 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) தடிமனுக்கு, அந்தக் கதிர்களை உறிஞ்சும் பொருள் செறிந்த மெல்லிய அடுக்கை ஆலையிலேயே சேர்த்து இழுக்கிறார்கள். எந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும் என்பது மேலே ஒட்டியுள்ள காப்புத் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தாளை முதலில் கிழித்துப் போட்டுவிட்டு ஷீட்டைத் தூக்கினால் எது மேல், எது கீழ் என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

ஆகவே 2024 பிப்ரவரியில் மூன்றாம் முறை வாங்கப் போனபோது, “இதுல நானோ துகள் பூரா கலந்திருக்கு சார், மேல கீழங்கிற பிரச்சினையே கிடையாது” என்ற கடைக்காரரின் பேச்சு என்னைக் கவர்ந்தது. 2 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே அறைகள் இல்லாத கெட்டி ஷீட், 4 அடிக்கு 8 அடி அளவில் மூன்று. சாதாரண பாலிகார்பனேட் சதுர அடி 105 ரூபாய் என்றும் நானோ 150 ரூபாய் என்றும் சொன்னார்கள். மொத்தத்தில் 4,320 ரூபாய் கூடுதல். நிறுவனத்தின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கடையிலேயே இரண்டு வெவ்வேறு ஒட்டுத்தாள்களின் கீழ் அச்சு அசலாக ஒரே ஷீட்டைப் பார்த்தேன். இந்த வகைப் பொருளில் பெயரை நம்புவதைக் காட்டிலும் கையில் எடுத்துச் சோதிப்பதே வாங்குபவருக்கு உதவும்.

ஷீட்டுடன் தந்த துண்டுத்தாளில் நான்கு உறுதிமொழிகள் இருந்தன. 88 சதவீத ஒளி உள்ளே வரும், மஞ்சளாகாது, கீறல் விழாது, வெப்பம் குறையும். உள்ளே கலந்திருப்பது துத்தநாக ஆக்சைடு என்றும், மேலே சிலிக்கா சேர்ந்த கடினப் பூச்சு உண்டு என்றும் அதிலேயே போட்டிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில், கலவையின் பெயரை மறைக்காமல் எழுதியதற்காகவே அந்த நிறுவனத்தை மதிக்கிறேன். ஏனென்றால் பெயர் தெரிந்தால்தான் எந்த உறுதிமொழி நிற்கும், எது நிற்காது என்று யோசிக்க முடியும்.

கீறலில் இருந்து தொடங்குகிறேன், அதுவே இந்த ஷீட்டின் சிறப்பு. பாலிகார்பனேட்டைச் சம்மட்டியால் அடித்தாலும் எளிதில் உடையாது. ஆனால் மணல் படிந்த துணியால் ஒரு முறை துடைத்தால் போதும், மேற்பரப்பு முழுவதும் கோடு கோடாகிவிடும். அதற்கு மருந்தாக நானோ அளவிலான சிலிக்காத் துகள்களைப் பிணைத்த பூச்சைத் தடவுவது புதிய உத்தி அன்று. பலருடைய மூக்குக்கண்ணாடி பிளாஸ்டிக் வில்லையின் மேல் இருக்கும் கீறல் தடுப்புப் பூச்சும் இதே குடும்பம்தான். பதினான்கு மாதங்களில் மாதம் ஒரு முறையாவது மாடி ஏறிக் கழுவியிருக்கிறோம். எங்கள் தெருவின் புழுதியையும் புறா எச்சத்தையும் தாண்டி, சாய்வு வெயிலில் உற்றுப் பார்த்தால்கூட ஏழெட்டுக் கீறல்களுக்கு மேல் தெரியவில்லை. பழைய ஷீட் இதே காலத்தில் தேய்த்த பாத்திரம் போல ஆகியிருந்தது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரால் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டுகள் படியும். கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். பெட்ரோல், தின்னர், அம்மோனியா சேர்ந்த கண்ணாடித் துடைப்பான் எதுவும் இதன் அருகில் போகக் கூடாது.

மஞ்சளாகும் விவகாரத்தில் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. துத்தநாக ஆக்சைடு ஏறத்தாழ 370 நானோமீட்டருக்கு (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) குறைந்த அலைநீளமுள்ள கதிர்களை வலுவாக உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிடும். கரிம வேதிப்பொருள்களைப் போல நாளடைவில் ஆவியாகிக் கரைந்துபோவதும் இல்லை. ஆனால் உறிஞ்சும் பொருளை 2 மில்லிமீட்டர் தடிமன் முழுவதும் பரவலாகக் கலந்துவிட்டால், ஆழத்தில் உள்ள பிளாஸ்டிக் நன்றாகக் காக்கப்படுமே தவிர, வெயில் முதலில் படும் மேல்பரப்புக்கு முன்னால் காவல் ஏதும் இருக்காது. சிதைவு தொடங்குவதோ அந்த மேல்பரப்பில்தான். செறிவான மெல்லிய அடுக்கை மேலே வைக்கும் பழைய முறைக்குப் பின்னால் உள்ள நியாயம் இதுதான். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டபோது, மேல் பூச்சிலும் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள் உண்டு, பூச்சு ஒரு பக்கம் மட்டுமே என்று ஒப்புக்கொண்டார்கள். அதாவது மேல் கீழ் பார்த்துப் போட வேண்டிய ஷீட்தான் இதுவும். கடைக்காரரின் சொல்லை நம்பி எப்படியும் போட்டிருந்தால் பூச்சு உள்பக்கம் போயிருக்கும். வெட்டி மிஞ்சிய துண்டுகளில் ஒன்றை மொட்டை மாடியில் கட்டி வைத்தேன், இன்னொன்றை அலமாரியில் பூட்டி வைத்தேன். இந்த ஏப்ரலில் இரண்டையும் வெள்ளைத் தாளின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் நிற வேறுபாடு எதுவும் என் கண்ணுக்குப் புலப்படவில்லை. இரண்டு கோடைகளுக்கு இது நல்ல விளைவு.

இனி ஒளி. இந்த ஷீட்டைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பொருத்தி ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலை பத்து மணி அளவில் சித்தி என்னைக் கூப்பிட்டு, “ஏம்ப்பா, அந்த ஓட்டுக்கு மேல மட்டும் தகடு பாலு கலந்த மாதிரி நீலமாத் தெரியுதே” என்றார். எனக்கு முதலில் தெரியவில்லை. சித்திக்கு இரு கண்களிலும் கண்புரை அறுவை செய்து, அக்ரிலிக் வகை வில்லை வைத்திருக்கிறார்கள். பழுப்பேறிய இயற்கை வில்லையை எடுத்துவிட்ட கண்ணுக்கு நீலம் முன்னைவிடத் துலக்கமாகத் தெரியும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கைப் பற்றி மதுரைக்காரர்கள் பேசும்போது இதை நினைக்காமல் இருக்க முடியாது. 1949-இல் இங்கிலாந்தில் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி முதன்முதலாக ஒருவர் கண்ணுக்குள் வைத்த அதே வகைப் பிளாஸ்டிக்கில் கண்வில்லைகளைக் குறைந்த செலவில் செய்வதற்காக, அரவிந்த் கண் மருத்துவமனையின் துணை நிறுவனமான அரோலேப் 1992-இல் இந்த ஊரில்தான் தொடங்கப்பட்டது. கண்ணுக்குள் இருக்க வேண்டிய பிளாஸ்டிக்கில் துளி கலங்கலும் கூடாது. அந்தக் கண்ணைக் கொண்டுதான் சித்தி என் ஷீட்டில் கலங்கலைக் கண்டுபிடித்தார்.

மிஞ்சிய துண்டுகளை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். மொட்டைக் கோபுரம் என்று ஊர் சொல்லும் மீனாட்சியம்மன் கோயில் வடக்குக் கோபுரம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். ஒரு துண்டை முகத்துக்கு முன்னால் ஒரு முழத் தொலைவில் பிடித்துப் பார்த்தேன். கோபுரம் தெரிந்தது, அதன் நிலைகளுக்கு இடையே உள்ள நிழல் கோடுகள் சாம்பல் பூசினாற்போல் வெளிறின. மூன்று துண்டுகளை அடுக்கிப் பிடித்தால் பனிக்காலக் காலையைப் போல ஆகிவிட்டது. பழைய சாதாரண ஷீட்டில் வெயில் படாத ஓரத்தில் வெட்டிய மூன்று துண்டுகளை அப்படியே அடுக்கிப் பார்த்தபோது நிழல் கோடுகள் கருமை மாறாமல் இருந்தன. இரவில் இருட்டறையில் நானோத் துண்டின் விளிம்பு வழியாகக் கைவிளக்கைப் பாய்ச்சினேன். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் உடல் முழுவதும் நீலம். எதிர் விளிம்பில் வெளிவந்த ஒளி மஞ்சள். ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டு வகுப்பில் நான் பல ஆண்டுகள் செய்து காட்டிய அதே காட்சி.

காரணம் துகள்களின் அளவு. ஒளியின் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறியவையாக, அதாவது 40 நானோமீட்டருக்குக் கீழே, துகள்கள் தனித்தனியாக இருந்தால் ஒளி அவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். துகள் பெரிதாகப் பெரிதாகச் சிதறல் அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும் என்பது இயற்பியலாளர் ராலே வகுத்த விதி. ஒரே எடையுள்ள பொருளை இரண்டு மடங்கு விட்டமுள்ள துகள்களாகக் கலந்தால், எண்ணிக்கை எட்டில் ஒன்றாகக் குறைந்தாலும், மொத்தச் சிதறல் எட்டு மடங்காகிவிடும். நீல ஒளி சிவப்பைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேல் சிதறுவதால்தான் அந்த நீலப் படலம். துகளுக்கும் பிளாஸ்டிக்குக்கும், ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண்ணில் உள்ள இடைவெளியும் சேர்ந்துகொள்ளும். பாலிகார்பனேட்டின் எண் 1.59, துத்தநாக ஆக்சைடுக்கு ஏறத்தாழ 2.0. அக்ரிலிக்கில் சிலிக்காவைக் கலப்பவர்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு, 1.49-உம் 1.46-உம் அண்ணன் தம்பி போல நெருக்கமானவை.

துகள்களைச் சிறியதாக வாங்குவது கடினம் அன்று. சிறியதாகவே வைத்திருப்பதுதான் கடினம். கேப்பைக் கூழ் கிண்டியவர்களுக்கு இது புரியும். மாவை நேராகக் கொதிக்கும் உலையில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, அதைச் சிறிது சிறிதாக விட்டுக் கிண்ட வேண்டும். பிளாஸ்டிக் ஆலைகளிலும் துகள்களை முதலில் கொஞ்சம் பிளாஸ்டிக்கில் செறிவாகக் கலந்து மாஸ்டர்பேட்ச் என்ற குருணையாக்கிக்கொண்டு, பிறகு இரட்டைத் திருகு எந்திரத்தில் மீதியோடு பிசைகிறார்கள். ஆனால் நானோத் துகளின் ஒட்டும் ஆசை மாவினுடையதைவிடப் பல மடங்கு. 20 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கா ஒரு கிராம் எடுத்தால், அதிலுள்ள துகள்களின் மேற்பரப்பையெல்லாம் விரித்தால் மூன்று சென்ட் நிலத்துக்கு மேல் வரும். அவ்வளவு பரப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும். அதைத் தடுக்க ஒவ்வொரு துகளுக்கும் சிலேன் என்ற சிலிக்கான் சேர்மம் போன்ற பொருளால் மேற்பூச்சு கொடுக்க வேண்டும். துத்தநாக ஆக்சைடுக்கு இது இன்னொரு வகையிலும் தேவை: பூச்சில்லாத துகள், பாலிகார்பனேட் உருகும் 280, 300 டிகிரி வெப்பத்தில் அதன் சங்கிலிகளை அறுத்துவிடும். நான் வாங்கிய ஷீட்டில் மூலப்பொருள் சரி, கிண்டியது போதவில்லை என்பது என் முடிவு.

துண்டுத்தாளில் போட்ட 88 சதவீதம் பொய் என்று சொல்ல மாட்டேன். மறுபுறம் வந்து சேரும் ஒளி அனைத்தையும், திசை மாறி வந்ததையும் கூட்டித்தான் அந்த எண்ணைச் சொல்கிறார்கள். கலங்கல் தனி அளவை. வந்த ஒளியில் 2.5 டிகிரிக்கு மேல் விலகியது எத்தனை சதவீதம் என்பதே அது. நல்ல தெளிவான ஷீட்டில் ஒன்று இரண்டைத் தாண்டாது. என் துண்டுத்தாளில் அந்த எண் இல்லவே இல்லை. கடையில் கேட்க வேண்டிய எண் அதுதான்.

இத்தனைக்கும் நடுவில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். செய்தித்தாள் படிக்க இந்தச் சிதறிய வெளிச்சம் நல்லதாகவே இருக்கிறது. முன்பு நடுப்பகலில் கம்பி வலையின் நிழல் கட்டம் கட்டமாகத் தாளின் மேல் விழும்; இப்போது அந்த நிழலின் ஓரங்கள் மென்மையாகிவிட்டன. குளியலறை மேற்பகுதிக்கோ மாடிப்படிக்கோ போடுபவர்களுக்கு இந்தக் கலங்கல் ஒரு குறையே ஆகாது. எங்களுக்குச் சிக்கல் மாலை நாலரைக்கு மேல்தான். சித்தி மேற்குப் பார்த்து உட்காருவார். சூரியன் சாய்ந்து அடிக்கும்போது மேற்கு ஓரத்து ஷீட் முழுவதும் வெண்மையாக எரியும். அந்த நேரத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பௌர்ணமி அன்று உச்சிக்கு வந்த நிலா பஞ்சு சுற்றினாற்போலத் தெரிந்ததும் அவர் சொல்லித்தான் நான் கவனித்தேன்.

உறுதியைப் பற்றி இரண்டு செய்திகள். பக்கத்து வீட்டில் பூச்சு வேலை நடந்தபோது அரைச் செங்கல் ஒன்று மேலிருந்து விழுந்தது. ஷீட் தொய்ந்து நிமிர்ந்தது, ஒரு சிராய்ப்பைத் தவிர வேறு சேதம் இல்லை. ஆனால் மிஞ்சிய துண்டைக் கையால் மடக்கியபோது மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்து, ஐந்தாம் மடக்கலில் விரிசல் விட்டது. சாதாரணத் துண்டு எத்தனை முறை மடக்கியும் உடையவில்லை. கட்டி தட்டிய துகள்கள் ஒவ்வொன்றும் விரிசல் தொடங்குவதற்கு ஓர் இடம் என்பதால் விறைப்பு கூடும்போது தாக்குப்பிடிக்கும் குணம் குறைவது இயல்பு. கடினப் பூச்சுள்ள பக்கமும் வளைத்தால் வெடிக்கும். வளைவுக் கூரை போட நினைப்பவர்கள் இதை வாங்க வேண்டாம்.

வெப்பம் குறையவில்லை. சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. அவற்றைத் தடுக்க ஆன்டிமனி சேர்த்த வெள்ளீய ஆக்சைடு, சீசியம் டங்ஸ்டன் ஆக்சைடு போன்ற வேறு துகள்கள் வேண்டும், அவை கலந்த ஷீட்டில் இலேசான நீலமோ பச்சையோ தட்டும். துத்தநாக ஆக்சைடுக்கும் சிலிக்காவுக்கும் அந்த வேலை தெரியாது. கடந்த மே மாதம் முற்றத்து வெப்பமானியைச் சாதாரண ஷீட் போட்ட எதிர்வீட்டு முற்றத்திலும் வைத்துப் பார்த்தேன்; இரண்டு மணிக்கு இரண்டும் ஒரே அளவைக் காட்டின. அந்த நான்காம் வாக்கியத்தை நிறுவனம் துண்டுத்தாளில் இருந்து எடுத்துவிட வேண்டும்.

பொருத்துவதில் இந்த முறை நானே உடன் நின்றேன். பொருத்த வந்த தம்பி துளையைத் திருகாணியைவிடப் பெரிதாகப் போடச் சம்மதிக்கவே நேரமானது. எட்டடி நீள ஷீட், விடியற்காலைக் குளிர்ச்சிக்கும் பிற்பகல் கூரைச் சூட்டுக்கும் இடையே 6 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இறுக்கிப் பூட்டினால் துளையில் இருந்து விரிசல் ஓடும். பிவிசி வாஷருக்குப் பதிலாக ரப்பர் வாஷர் போடச் சொன்னேன், ஏனென்றால் பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் பாலிகார்பனேட்டைத் தாக்கும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அப்படியே செய்தார். மழைக்காலம் முழுவதும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. கடையும் நேர்மையாகவே நடந்துகொண்டது. நான் துண்டுகளோடு போய்க் கலங்கலைக் காட்டியபோது, கோபுரத்தைப் பார்க்கவா சார் கூரை போட்டீங்க என்று தட்டிக்கழிக்காமல், வாசலுக்கு வந்து தெருமுனைப் பலகையைத் துண்டின் வழியே பார்த்துவிட்டு, “ஆமாண்ணே, மங்கலாத்தான் இருக்கு” என்றார் முதலாளி.

கிழக்கிலும் நடுவிலும் உள்ள இரண்டு ஷீட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டேன். அடிக்கடி கழுவும் இடத்தில் அந்தக் கீறல் தடுப்புக்குக் கொடுத்த பணம் வீணில்லை. மேற்கு ஓரத்தில் இருந்ததைக் கழற்றி மாடிப்படிக்கு மேலே போட்டுவிட்டு, அந்த இடத்தில் புற ஊதாக் காப்பு அடுக்குள்ள சாதாரண பாலிகார்பனேட் ஒன்றை, காப்புத் தாளின் அச்சு வானத்தைப் பார்க்கும்படி வைத்து, திருகாணி எல்லாம் பூட்டிய பிறகே தாளை உரித்தோம். சித்தியின் நாற்காலி மறுபடி மேற்குப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.